ஆடப்படாத 28 ஆட்டங்கள்

ஐ-லீக்கின் 2019-20 சீசனை விக்கிப்பீடியாவில் திறந்தால் புள்ளிப்பட்டியல் கொஞ்சம் கோணலாக இருக்கும். முழு சீசன் என்றால் ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். முதலிடத்தில் இருக்கும் மோகன் பகான் ஆடியதோ 16. அந்தப் பதினாறில் 39 புள்ளிகள். அடுத்து வந்த ஈஸ்ட் பெங்காலுக்கும் பஞ்சாபுக்கும் 23தான். ஆகவே யார் சாம்பியன் என்பதில் எந்தச் சண்டையும் இல்லை. 2020 மார்ச் 10 அன்று கல்யாணியில் ஐஸ்வாலை 1-0 என்று வென்றபோதே கோப்பை மோகன் பகானுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, மார்ச் 15, கொல்கத்தா டெர்பி நடக்க வேண்டும். நடக்கவில்லை. ஏப்ரலில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் மிச்சமிருந்த 28 ஆட்டங்களையும் ரத்து செய்து கணக்கை முடித்தது. யாருக்கும் தரமிறக்கம் இல்லை, சாம்பியன் பரிசு போக மீதிப் பணம் மற்ற 10 அணிகளுக்கும் சமபங்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதே வாரங்களில் ஸ்காட்லாந்து என்ன செய்தது என்று பார்த்தால் நம்மாட்கள் மகான்கள் என்றே தோன்றும். அங்கே கீழ்நிலை லீக்குகளை நிறுத்திவிட்டு, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்து இடங்களைத் தீர்மானித்தார்கள். பார்ட்டிக் திஸில் 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள். அவர்களுக்கு மேலே குயின் ஆஃப் தி சவுத், 28 ஆட்டங்களில் 28. வகுத்தால் 0.963, 1.000. கையில் ஓர் ஆட்டம் மிச்சம், அதை வென்றால் மேலே போய்விடலாம் என்ற நிலையில் இருந்த அணியை 0.037 வித்தியாசத்தில் கீழே தள்ளிவிட்டார்கள். கோட் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன், அந்த ஃபார்முலாவில் பிழையே இல்லை. அதான் கடுப்பு. கீழிருந்து மேலே வரவேண்டிய கெல்டி ஹார்ட்ஸுக்கும் பிரோரா ரேஞ்சர்ஸுக்கும் பிளே-ஆஃப்பே வைக்கவில்லை. கடைசி இடத்தில் இருந்த பிரீச்சின் சிட்டி அப்படியே தப்பித்தது. ஆனால் ஒரே வருடம்தான். 2021 மே மாதம் அதே கெல்டியிடம் தோற்று பிரீச்சின் வெளியேறியது. கொஞ்சம் தாமதமானாலும் மைதானமே தீர்ப்பு சொல்லிவிட்டது.

நம்மூரில் அப்படிச் சொல்ல மைதானத்துக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இதை விளக்க ஒரு வருடம் பின்னால் போகணும். 2018-19 ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி எஃப்.சி. பேர்தான் சென்னை. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில், சுற்றிலும் கடைகள், நடுவில் புல் இருக்கிற அதே ஸ்டேடியம். காங்கேயத்திலிருந்து பல்லடம், சூலூர் வழியாக பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரம் ஆகும். "சென்னை டீமுக்கு இங்க என்னங்க வேலை?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி நாள். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரைக்கும் 0-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்து இங்கே தோற்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கேலரியில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43 புள்ளிகள், 42 புள்ளிகள்!

சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர், மான்சிக்கு அந்த சீசனில் 21 கோல்கள், சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. மேற்கு மாவட்டத்துக் கால்பந்து ரசிகனுக்கு இதெல்லாம் நம்பவே முடியாத சங்கதி.

ஆனால் அந்த வருடமே ஏணியை நகர்த்தத் தொடங்கியிருந்தார்கள். 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கூட்டமைப்பு முன்னிலையில் ஒரு வரைபடம் போட்டார்கள். ஐ.எஸ்.எல்.தான் இனி முதல்நிலை. ஐ-லீக் சாம்பியன் ஆட்டத்தின் தகுதியால் மேலே போவது 2022-23 சீசனிலிருந்துதான். அதற்கு முன் மேலே போக வேண்டுமென்றால் பணம் வேண்டும். ஆக, பேருக்கு வேறு என்னவாக இருந்தாலும், கொரோனா வந்தபோது ஐ-லீக் ஓர் இரண்டாம்நிலை லீக்.

சென்னை சிட்டியின் ஆசிய ஆட்டங்களும் கோவைக்கு வரவில்லை. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றதும், மார்ச் 11 அன்று மாலத்தீவின் மாசியாவோடு 2-2 டிரா செய்ததும் அகமதாபாத்தில். மான்சி அதற்குள் ஜப்பானுக்குப் போய்விட்டார். ஏ.எஃப்.சி. கோப்பையையே செப்டம்பரில் ரத்து செய்துவிட்டார்கள்.

ஊரடங்கில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டின் ஸ்பானியர்களும் நாடு திரும்ப விமானம் பிடிக்க, மே மாதம் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு பஸ்ஸில் போனார்கள். ஆடாத டெர்பி அந்த பஸ்ஸுக்குள் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதே சமயம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை நின்று, ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்குப் போக ரயில் கிடைக்குமா என்று நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த பஸ்கூட இல்லை.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஏ.டி.கே.வோடு இணைந்து மோகன் பகான் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. செப்டம்பரில் ஈஸ்ட் பெங்காலும் போனது. இரண்டு பேரும் ஆடி ஏறவில்லை. மோகன் பகான் தன் ஐ-லீக் கோப்பையைக் கையில் வாங்கிய அக்டோபர் 18 அன்று அந்த லீக்கிலேயே இல்லை.

2021 ஜனவரியில் ஐ-லீக் திரும்பியது, கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் மட்டும், பயோ-பபிளுக்குள். சொந்த மைதானம் என்ற ஒன்று எந்த வெளியூர் அணிக்கும் கிடையாது. சென்னை சிட்டி முதல் ஆட்டத்தில் கோகுலம் கேரளாவை 2-1 என்று வென்றது. அதே கோகுலம்தான் மார்ச் 27 அன்று சாம்பியன். அடுத்த வருடமும் சாம்பியன். இரண்டு தடவை ஜெயித்தும் மேலே போக வழியில்லை, வரைபடத்தில் தேதி இன்னும் வரவில்லையே! 2022-23இல் ஜெயித்த பஞ்சாப்தான் அந்தக் கதவு வழியாக முதலில் போனது.

சென்னை சிட்டி அந்த பபிள் சீசனில் கீழ்ப்பாதிக் குழுவில் முடிந்தது. 2021-22 ஐ-லீக்கில் 13 அணிகள். ஸ்ரீநகர் இருந்தது, ஐஸ்வால் இருந்தது, இம்பாலிலிருந்து இரண்டு அணிகள் இருந்தன. கோவையிலிருந்து யாரும் இல்லை.