கணக்கும் இசையும் மருத்துவமும்

'பல்கலைக் கழகம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பல கலைகள் ஓரிடத்தில் கூடி வாழ வேண்டும் என்பது அதன் பொருள். அவ்வாறு கூடி வாழ்வதனால் விளையும் பயன் யாது? எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தின் வரலாற்றைக் கொண்டே இவ்வினாவிற்கு விடை காண முயல்கின்றேன்.

என் ஊர் மேல்பட்டாம்பாக்கம். விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது. அதே பாதையில்தான் சிதம்பரமும் இருக்கிறது. இளமையில் ஆசிரியப் பயிற்சிக்காக அங்கே சென்று தங்கியிருந்தேன். நிலையத்திற்குக் கிழக்கே அண்ணாமலைநகர். அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதன் வளர்ச்சியாக 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. இசைக்கும் அங்குத் தொடக்கத்திலேயே இடம் கிடைத்தது. டைகர் வரதாச்சாரியார், பின்னாளில் தண்டபாணி தேசிகர் முதலிய பெரியோர் அங்கே இசை கற்பித்தனர். 1941ஆம் ஆண்டில் தமிழிசை மாநாடு கூடியதும் அவ்விடத்திலேதான்.

பல்கலைக் கழகம் தோன்றிய 1929ஆம் ஆண்டிலேயே கணித விரிவுரையாளராக வந்தவர் எஸ். எஸ். பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டில் பிறந்தவர். 1941 வரை அண்ணாமலைநகரில் பணியாற்றினார். வாரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1770ஆம் ஆண்டில் எழுப்பிய வினா ஒன்றை அவர் ஆராய்ந்தார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத் தொகையாக எழுதிவிடலாம். கனங்களாயின் ஒன்பது போதும். அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்பதே வினா. ஆறாம் அடுக்கிற்கு 73 போதும் என்று 1940ஆம் ஆண்டில் பிள்ளை நிறுவினார்.

73 என்பது எங்கிருந்து வந்தது? பள்ளிச் சிறுவரும் இதனைக் கண்டுகொள்ளலாம். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 729இலும் சிறியது. ஆகவே 64உம் 1உமே துணை. பத்து அறுபத்து நான்கு 640. எஞ்சிய 63ஐ ஒன்றுகளால் நிரப்ப வேண்டும். ஆக, 73. எந்த எண்ணிற்கும் இதற்கு மேல் வேண்டாம் என்று மெய்ப்பிப்பதுதான் அரிய செயல். 729ஐ 64ஆல் வகுப்பது என்பது ஒன்றரையை ஆறு முறை அடுக்கிப் பெருக்குவதே என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை உயிர் நீத்தார்.

அவர் கணிதம் கற்பித்துவந்த நாளில், 1931ஆம் ஆண்டில், தமிழ்ப் பேராசிரியராக அங்கு வந்தவர் விபுலாநந்த அடிகள். ஈழத்துக் காரைதீவில் பிறந்த அவர், துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர். 1947ஆம் ஆண்டில் அரங்கேறிய அவருடைய 'யாழ் நூல்' பண்டைத் தமிழிசையைக் கணித வழியால் ஆராய்வது. நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் குரலுக்கு இளி பிறக்கும். அதாவது சட்சத்திற்குப் பஞ்சமம். ஒலியின் அதிர்வோ ஒன்றரை மடங்காகும். இவ்வாறு பன்னிரண்டு முறை ஏறினால் ஏறத்தாழ 129.7 மடங்கு. ஏழு தானங்கள் இரட்டித்து ஏறினால் 128. இரண்டும் ஒன்றுபடுவதில்லை, அந்தச் சிறு வேறுபாட்டை எவ்வாறு பங்கிடுவது என்பதே இசைநூலாரின் பழைய சிக்கல். எண் நூலார் அடுக்கிய அதே ஒன்றரையையே இசை நூலாரும் அடுக்கினர்!

மருத்துவம் அவ்வளாகத்திற்குப் பின்னரே வந்தது. 1985ஆம் ஆண்டில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ளது. ஆயினும் உறவு பழையது. சித்த மருத்துவர் நாடி பார்க்கும்போது வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்று மாத்திரையால் அளப்பர். எழுத்திற்கும் தாளத்திற்கும் நாடிக்கும் 'மாத்திரை' ஒன்றே அளவு. மேலைநாட்டில் 1816ஆம் ஆண்டில் மார்பொலி கேட்கும் கருவியைக் கண்ட லேனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவரும் குழல் வாசிக்கப் பயின்றவரே.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது காலங்கடந்துதான். நான் ஆசிரியனாக இருந்தபோது, தவில் வாசிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் பயின்றான். பின்னக் கணக்கு அவனுக்கு வரவில்லை. கணக்கு நடக்கும்போது விரல்களால் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பான். நான் பலமுறை கண்டித்தேன், பிரம்பாலும் அடித்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்திக்கொண்டான். நான் தடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோயில் திருவிழாவில் அவன் வாசிப்பைக் கேட்டேன். இரண்டு அடிக்குரிய காலத்தில் மூன்று அடிகளை நிறுத்தி, பிசகின்றித் தாளத்தில் வந்து சேர்ந்தான். நான் கரும்பலகையில் கற்பிக்க இயலாத ஒன்றரை அவன் விரல்களில் இருந்தது! வாசிப்பு முடிந்ததும் அவன் என்னைக் கண்டு வணங்கினான். எனக்குப் பேச்சு எழவில்லை.

பாடவேளைகளைப் பிரித்து மணி அடிப்பது பள்ளியின் வசதிக்காக. அறிவு அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை. ஒரே வளாகத்தில் பல கலைகளை வைத்த பெரியோர், ஒரு துறையின் ஒலி மற்றொரு துறையாரின் காதில் விழ இடம் செய்தனர். பல்கலைக் கழகத்திற்கு உரிய அந்த வாய்ப்பு சிற்றூர்ப் பள்ளிக்கும் இருத்தல் வேண்டும். ஆசிரிய நண்பர்களே, நாளை உங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் பலகையைத் தட்டினால், பிரம்பை எடுக்குமுன், அவன் என்ன எண்ணுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.