கத்தியின் எல்லை: குர்துபாவும் சென்னையும்

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடுவது மனிதனின் கடமை. அத்தேடலில் எதைச் செய்வது என்பதைப் போலவே எதைச் செய்யாதிருப்பது என்பதும் ஓர் அறிவாகும். எலும்பு மருத்துவ வரலாற்றில் இவ்வறிவு துலங்கிய இரு கட்டங்களை இங்கு நோக்குவோம்.

கி.பி. 1000 அளவில் அந்தலூஸின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி இயற்றிய 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. உடற்கூறு அறியாதவர் கத்தியெடுத்ததால் நேர்ந்த மரணங்களை அப்பகுதியின் முன்னுரையிலேயே அவர் எடுத்துக்காட்டி மாணவரை எச்சரிக்கிறார். அக்குளுக்குள் நழுவிய தோள்மூட்டைக் கையை இழுத்தும் கீழிருந்து உந்தியும் இருப்பிடம் சேர்க்கும் முறையை விவரிக்கிறார். கத்திக்கு அங்கே வேலையில்லை. முதுகெலும்பு முறிந்தவரிடம் கைகால்களின் உணர்வையும் அசைவையும் சோதிக்கச் சொல்கிறார். அவை மரத்திருந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பது அரிது என்பது அவர் முடிவு. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்ற இந்நூலை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பயின்றது.

அஸ்ஸஹ்ராவி நம்பிக்கையிழந்து நின்ற அதே முதுகெலும்பு, 20ஆம் நூற்றாண்டில் சென்னையின் ஆய்வுப் பொருளாயிற்று. காசநோய் முள்ளெலும்புகளை அரிக்கும்போது முதுகு முன்புறம் மடிந்து கூன் விழும். தண்டுவடம் அழுந்தினால் கால்கள் செயலிழக்கும். நோயுற்ற எலும்பை முற்றிலும் நீக்கி, வேறோர் எலும்புத் துண்டைப் பொருத்தும் பெரிய அறுவை முறையை ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1956இல் ஹாங்காங்கிலிருந்து வெளியிட்டனர். ஆனால் எல்லா நோயாளிக்கும் அது தேவைதானா?

அதே 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்பவர் சானடோரியத்தில் தங்கியவருக்கு நிகராகக் குணமடைவதை 1959இல் நிறுவியிருந்தது. 1970களின் நடுவில் அந்நிலையம் முதுகெலும்புக் காசநோயை ஆராய முற்பட்டது. நடக்க இயன்ற நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு அறுவையும் ஆறு மாத மருந்தும், மற்றையோருக்கு ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும் அளிக்கப்பட்டன. பத்தாண்டு முடிவுகள் 1999இல் வெளியாயின. மருந்து மட்டும் உண்டவர்கள் அறுவை பெற்றவர்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை.

எனினும் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, அரித்துப்போன எலும்பை மீட்டுத் தராது. எவருக்குக் கூன் பெரிதாகும் என்பதை முன்னறிய, டி.கே. சண்முகசுந்தரமும் எஸ். ராஜசேகரனும் 1987இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். தொடக்க எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளெலும்பு இழப்பை 30.5ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால் இறுதிக் கூனின் பாகை ஏறத்தாழ கிடைக்கும். ஒரு முள்ளெலும்பு முழுதும் அழிந்திருந்தால் 36 பாகை, இரண்டாயின் 66.5. குழந்தைகளுள் சிலருக்கு நோய் ஆறிய பின்னும் வளர்ச்சியோடு கூனும் வளர்வதை ராஜசேகரன் 2001இல் காட்டினார். அவர்களை முன்கூட்டியே இனங்காணும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களையும் வகுத்தார். அவ்வடையாளம் உள்ள குழந்தைக்கு, முதுகு சாயுமுன்னரே முள்ளெலும்புகளை அறுவையால் இணைத்து நிலைநிறுத்த வேண்டும்.

ஆக, பலருக்குக் கத்தி வேண்டாம் என்று சொல்ல முடிந்த அதே ஆய்வு மரபே, சிலருக்குக் காலம் தாழ்த்தாமல் வேண்டும் என்றும் சொல்கிறது. உடல் அமானிதம் என்று நம்பும் சமூகத்திற்கு இதில் பாடமுண்டு. அறுவைக்கு அஞ்சி ஒதுங்குவதும், அதுவே உயர்ந்த சிகிச்சையென விரும்பி நாடுவதும் அமானிதத்தைப் பேணுவதாகா. அளந்தறிந்தபின் முடிவு செய்வதே அதற்குரிய முறை.