ஒன்று, மூன்று, ஆறு

அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளின் செவித்திறனைக் கவனிப்பவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம்: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் உதவி. சுருக்கமாக, 'ஒன்று, மூன்று, ஆறு'.

'ஒன்று' என்பது: பிறந்த மருத்துவமனையிலேயே, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, காதில் சிறு முனையைப் பொருத்தி ஒலி அனுப்பிப் பார்ப்பது. முடிவு 'பாஸ்' அல்லது 'ரெஃபர்', அதாவது மேலும் பரிசோதிக்க வேண்டும். 'ஃபெயில்' என்று எழுதுவதில்லை. பிறந்த புதிதில் காதில் நீர் தேங்கியிருந்தாலும் 'ரெஃபர்' வரும் என்பதால் அது நியாயம்தான். ஆனால், "தண்ணீர்தானாம், சரியாகிவிடும்" என்று குடும்பம் நிம்மதியாக வீடு போய்விடுவதும் இதனால்தான்.

'மூன்று' என்பது: விதியின் உயிர்நிலை. ஒன்றைத் தாண்டி இதற்கு வருவதற்குள்தான் குழந்தைகள் தொலைகிறார்கள். 2007 வாக்கில், 'ரெஃபர்' வந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோயறிதல் முடிந்ததற்கான பதிவு மாநிலங்களிடம் இல்லை. கணினிப் பதிவேடு தேவைப்படுவது இங்கேதான். பிறந்த அன்று ஒரு குழந்தை 'பேபி கேர்ள்' என்று தாயின் குடும்பப் பெயரோடு பதிவாகிறது. இரண்டு மாதம் கழித்துச் செவித்திறன் நிபுணரிடம் போகும்போது அதற்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, தந்தையின் குடும்பப் பெயர் இருக்கிறது. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர்: திரும்பி வராத ஒரு குழந்தை, எங்கிருந்தோ வந்த ஒரு குழந்தை. பிறந்த தேதி, தாயின் பெயர், மருத்துவமனை ஆகியவற்றை ஒப்பிட்டு இருவரும் ஒருவராகலாம் என்று மென்பொருள் காட்டும். இரட்டைக் குழந்தைகள் என்றால் அதுவும் தடுமாறும். பிறகு ஒருவர் தொலைபேசியை எடுத்துத் தாயிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மறுபரிசோதனைக்கு வராத குழந்தை வேறு. வந்தும், நிபுணர் முடிவை அனுப்பாததால் வராததாகத் தெரியும் குழந்தை வேறு. முதலாவதற்குக் குடும்பத்தைத் தேட வேண்டும், இரண்டாவதற்கு நிபுணரை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணினால் யாரைத் தேடுவது என்றே தெரியாது.

'ஆறு' என்பது: கொலராடோவில் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு வலுச் சேர்த்த இலக்கு. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. ஆனால் உதவி தொடங்கியதா என்ற தகவல், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலும் சுகாதாரத் துறைக்குத் திரும்புவதில்லை. அந்த ஒப்புதலை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

2019-ல், இவ்விதியை எட்டிய மாநிலங்கள் இனி 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பதை இலக்காகக் கொள்ளட்டும் என்று குழந்தைச் செவித்திறன் கூட்டுக்குழு அறிவித்தது.