தொப்பி ஊசி வைத்தியம்!

மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிறீர்கள். உங்கள் பழைய ஸ்கூட்டர் 'புக்... புக்...' என்று விக்கி, நடுரோட்டில் நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்? தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் முன்னால் நிறுத்துவீர்கள். அவர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார் (மூடியில் இருக்கும் குட்டிக் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் இறங்காது!). அடுத்து டியூப். அதிலும் கோளாறு இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "அடைப்பு சார்!"

இந்த வைத்தியத்துக்குச் சரித்திரத்தில் ஒரு முன்னோடி உண்டு. அவர் மெக்கானிக் இல்லை... இரண்டு பையன்களுக்கு அம்மா!

1888, ஆகஸ்ட். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால், வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தத் தொழிலில் முடங்கிக் கிடந்தது அவர் மனைவி பெர்த்தாவின் சீதனப் பணமும்தான்! ஒரு விடியற்காலை, கணவரிடம் மூச்சுவிடாமல், மகன்கள் யூஜன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு பெர்த்தா அந்த வண்டியில் கிளம்பிவிட்டார். போகும் இடம்? சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஃபோர்ட்ஸ்ஹைமில் அம்மா வீடு!

பெட்ரோல் பங்க் என்ற வார்த்தையே பிறக்காத காலம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குள் நுழைந்து, துணியில் கறை எடுக்க விற்கும் 'லிக்ராயின்' வாங்கி ஊற்றினார். பிறகு எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தலையில் இருந்த தொப்பியின் நீள ஊசியை உருவி... ஒரே குத்து! மின்சார ஒயர் தேய்ந்தபோது, காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றிச் சுற்றினாராம். இருட்டும் நேரத்தில் அம்மா வீடு. கணவருக்குத் தந்தி!

அந்த வண்டியில் இன்றைய ஜெட் கிடையாது. எரிபொருளின் மேல் காற்றை ஓட விட்டு, ஆவியை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான். துல்லியம் போதவில்லை. 1893-ல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்ற இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெளிப்பு முறைக்கு வந்தார்கள். யார் முதல் என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது. விஷயம் சிம்பிள். கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகப் போகும் காற்று, குழாயிலிருந்து திரவத்தை இழுத்துத் தூவுகிறது. அதேதான் கார்புரேட்டர்! கூடவே, ஃப்ளஷ் டேங்கில் இருப்பது போல மட்டம் பார்க்க ஒரு மிதவை. ஸ்கூட்டர், ஆட்டோ, கோல்ஃப் மைதானத்தில் உட்கார்ந்தபடியே புல் வெட்டும் வண்டி... எல்லாம் நூறு வருடத்துக்கும் மேலாக இதை நம்பியே ஓடின. ஜெட்டின் துளை பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. துரும்பு போதும், வண்டி அம்பேல்.

துரும்புக்கே இப்படி என்றால், வெள்ளத்துக்கு?

2015, டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். பெரும்பாக்கம், முடிச்சூர், வேளச்சேரி எங்கும் வண்டிகள் மூழ்கின. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். டேங்கின் அடியில் போய் உட்காரும். என்ஜினுக்குப் பெட்ரோல் இறங்குவதும் அடியிலிருந்துதானே! வெள்ளம் வடிந்ததும் ஆசை ஆசையாகக் கிக்கரை உதைத்தவர்கள் ஏமாந்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். டேங்க், மிதவைக் கிண்ணம் இரண்டையும் வடித்து, பிளக்கைக் கழற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் உதைக்க வேண்டும். மெக்கானிக் கடைகளில் கியூ. ஆட்டோக்காரருக்கு வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் வீட்டில் உலை கொதிக்காத நாள். ஆற்றங்கரைகளில் வீடிழந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்ததும் அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புது பைக்குகளில் கார்புரேட்டர் இடத்தை இன்ஜெக்ஷன் பிடித்தது. 2003-ல் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவிகிதமாக ஆரம்பித்த எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவிகிதத்தைத் தொட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம், பழைய ரப்பர் டியூபுக்கோ எத்தனால் ஆகாது. ஆகவே, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டியூபையும் வாஷரையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு விஷயம். பெர்த்தா குத்தியது குழாயில். நீங்கள் ஊசியை ஜெட்டில் விட்டுவிடாதீர்கள். "பித்தளை சார், ஓட்டை பெருசாயிடும். அப்புறம் வண்டி பெட்ரோலா குடிக்கும்" என்பார் விவரமான மெக்கானிக். அவர் கையில் எடுப்பது காற்றுக் குழாயைத்தான்!