சங்கிலியும் சிகிச்சையும்



2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 உயிர்கள் பிரிந்தன.

இத்தகைய காப்பகங்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கை ஒருபுறம். ஊரார் அறிந்தால் குடும்பத்தில் நிக்காஹ் தடைபடும் என்ற அச்சம் மறுபுறம்.

இதுவா நம் முன்னோர் காட்டிய வழி? கி.பி. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. வக்ஃபு வருவாயைக் கொண்டு ஏழை, செல்வர் பேதமின்றி இலவசமாகச் சிகிச்சையளிக்கப்பட்டது. மருத்துவம் செய்துகொள்ளப் பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து, துஆவையும் மருந்தையும் ஒருசேரவே பேணியது.

ஏர்வாடித் தீவிபத்திற்குப் பின் அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை விசாரித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்தது. மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைப் பாதிப்புகளையும் அச்சட்டம் மனநோயாகவே கொள்கிறது.

மது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதில் சிக்கிய பிள்ளையை அறையில் பூட்டி ஊருக்கு மறைப்பதும் ஒரு சங்கிலியே! அவனை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். திருந்தி வந்து தொழுகை வரிசையில் நிற்பவனிடமிருந்து விலகாமல், தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.