முத்துச் சிப்பியும் எக்ஸ் கதிரும்

பானை வாங்கச் சந்தைக்குச் செல்லும் பெண் விரலை மடக்கி அதன் வயிற்றிற் சுண்டிப் பார்க்கிறாள். ஓசை கணீரென்று எழுந்தால் விலை பேசுகிறாள். கம்மிய ஓசை எழுந்தால் அடுத்த பானைக்குக் கை நீட்டுகிறாள். பொற்கொல்லன் உரைகல்லில் ஓர் இழை உரைத்துப் பொன்னின் மாற்றைக் கூறிவிடுகிறான். தேங்காய் வாங்குபவன் காயைக் காதருகே குலுக்கி அதன் முற்றலை மதிப்பிடுகிறான். பொருளை உடையாமலும் வெட்டாமலும் அதன் உள்ளியல்பை அறியும் இவ்வித்தைக்கு இக்காலத் தொழிற்றுறையில் அழிவுறாச் சோதனை என்று பெயர்.

இதற்கென விருதுகளும் ஏற்பட்டுவிட்டன. பிரித்தானியாவின் அழிவுறாச் சோதனை நிறுவகம் வழங்கும் பரிசுகளுள் ஒன்று நெமெட் விருது. புதிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவரைத் தேடிச் செல்வதன்று அவ்விருது. இச்சோதனையைத் தொழிலிலே நற்பயன் விளையக் கையாண்டவரைத் தேடிச் செல்வது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அழிவுறாச் சோதனைச் சங்கமும் தேசிய விருதுகள் வழங்கி வருகிறது. இவையெல்லாம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, யாழ்ப்பாணத்துக் கடலோடிகளும் கச்சேரி உத்தியோகத்தரும் பங்குகொண்ட ஒரு பெருந்தொழிலில் இச்சோதனையைப் புகுத்த ஒரு முயற்சி நிகழ்ந்தது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. ஆயினும் 'நற்பயன் விளையக் கையாளுதல்' என்னும் சொற்றொடரின் பொருளை, வெற்றி பெற்ற பல முயற்சிகளைக் காட்டிலும் அதுவே தெளிவாக விளக்குகிறது.

அத்தொழில் முத்துக்குளிப்பு. மன்னார்க் கடலிலே சிப்பி விளைந்த ஆண்டுகளில் மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துச் சலாபம் கூடும். ஆளில்லா மணற்காட்டில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும். யாழ்ப்பாணத் தோணிகளும் கீழக்கரைத் தோணிகளும் அங்கே வந்து சேரும். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாட்களும் வருவர். வடமாகாண நிருவாகம் யாழ்ப்பாணத்தில் அமைந்திருந்தமையால், சலாபத்தை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் பலர் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்தே அனுப்பப்பட்டனர். பின்னாளில் ஆங்கில எழுத்துலகிற் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் 1905ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் இளம் உத்தியோகத்தராகக் கடமையாற்றினார். 1906ஆம் ஆண்டுச் சலாபத்துக்கு அவரும் அனுப்பப்பட்டார். கொட்டு எனப்பட்ட வேலியடைத்த வளவில், கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று கூறாகப் பிரிக்கப்படுவதைக் கண்காணிப்பது அவருடைய வேலை. ஒரு கூறு குளித்தவர்களுக்கு. இரண்டு கூறு அரசுரிமைக்கு.

சிப்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டன. பெரும்பாலானவற்றில் முத்தே இராது. ஆகவே, முன்கூட்டியே மதிப்பறிய அரசாங்கம் ஒரு முறையைக் கைக்கொண்டது. பார் எனப்படும் சிப்பித் திடர்களிலிருந்து சில ஆயிரஞ் சிப்பிகளை மாதிரிக்காக எடுப்பித்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் தேர்ந்தவர்களைக் கொண்டு மதிப்பிடுவித்தது. அம்மதிப்பைப் பொறுத்தே அவ்வாண்டு சலாபம் கூட்டுவதா இல்லையா என்பது முடிவாகும். இது சோதனைதான்; ஆனால் சோதிக்கப்பட்ட சிப்பி உயிர் பிழைப்பதில்லை. சலாபம் கூடிய பின்னரோ எல்லாச் சிப்பிக்கும் அதுவே கதி. வள்ளங்களிற் குவித்து ஒரு கிழமைக்கு மேல் அழுகவிட்டு, புழு தின்ற மிச்சத்தைக் கடல்நீரால் அலசி, அடியிற் தங்கிய மணலில் முத்தைத் தேடினர். அந்நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் வூல்ஃப் முதுமையில் எழுதிய தம் நினைவு நூலிலும் மறவாமற் குறித்திருக்கிறார்.

1905ஆம் ஆண்டின் சலாபம் இங்ஙனம் நடந்தவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 5,000 குளியாட்கள் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசாங்கத்துக்கு வந்த தொகை சுமார் 25 இலட்சம் ரூபாய். இவ்வருவாயைக் கண்டு மயங்கிய இலண்டன் முதலாளிகள் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என ஒன்றை அமைத்து, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். அக்குத்தகை 1906இல் தொடங்கிற்று.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மன் அறிஞர் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். மனைவியின் கையெலும்பும் மோதிரமும் தோன்ற அவர் எடுத்த படம் உலகறிந்தது. தம்முடைய வேட்டைத் துப்பாக்கியையும் அவர் அக்கதிராற் படம் பிடித்தார் என்பது அத்துணைப் பரவலாகத் தெரிந்ததன்று. உலோகத்தைப் பிளவாமல் அதன் அகத்தைக் காணலாம் என்பதற்கு அத்துப்பாக்கிப் படமே முதற் சான்றுகளுள் ஒன்று. 1901இல் பௌதிகத்துக்கான முதல் நோபெல் பரிசு றொண்ட்கனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில், பிரான்சிலுள்ள லியோன் நகரத்துப் பேராசிரியர் ரபயேல் துபுவா, முத்துச் சிப்பியைத் திறவாமலே முத்துண்டா என்று அறிய இக்கதிரைக் கையாளலாம் எனக் காட்டினார். ஜோன் சாலமன் என்பவர் இவ்வெண்ணத்தை இலங்கைக் கடலிலே தொழில்முறையாக்க முயன்றார்.

அவருடைய திட்டம் கேட்பதற்கு இனியது. கரைக்கு வந்த சிப்பிகளைத் தகட்டின்மேற் பரப்பிக் கதிர் பாய்ச்சுவது. நல்ல முத்துத் தோன்றிய சிப்பியை மாத்திரம் திறப்பது. முத்தில்லாதவற்றையும், சிறுமுத்து உள்ளவற்றையும் உயிருடன் கடலிலே திரும்ப இடுவது. அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை, வீண்கொலையும் இல்லை. இயற்கை நியதியும் இதற்கு முற்றும் மாறானதன்று. சிப்பியின் ஓடும் முத்தும் ஒரே கல்சியங் காபனேற்றினால் ஆனவையாதலின் ஓடும் கதிரைத் தடுக்கவே செய்யும். ஆயினும் மன்னார்ச் சிப்பி சிறியது, ஓடு மெல்லியது. முத்து இருக்குமிடத்தில் தடிப்பு மிகுவதால் நிழல் சற்று அடர்ந்து விழும். பழகிய கண்ணுக்கு அது போதும்.

போதாதது வேறு. 8 கோடிச் சிப்பி என்பது ஆய்வுகூடத்துக் கணக்கன்று. ஒரு தகட்டில் நூறு சிப்பி பரப்பலாம் என்று வைத்துக்கொண்டாலும் 8 இலட்சம் தகடுகள் வேண்டும். சலாபமோ இரண்டு மாதத்துக்குள் முடியும் பருவத் தொழில். நாளொன்றுக்குப் பதின்மூவாயிரம் கண்ணாடித் தகடுகளைக் கதிருக்குக் காட்டி, கழுவி, உலர்த்தி, பார்த்து முடிக்கவேண்டும். அதுவும் குடிநீரே அரிதான உப்புக் காற்று வீசும் மணற்கரையில். அக்காலத்து எக்ஸ் கதிர்க் குழாய்களும் நம்பத்தக்கவையல்ல. 1913இல் அமெரிக்கரான கூலிட்ஜ் உறுதியான குழாயை அமைக்கும்வரை, அவற்றின் ஆற்றல் வேலை நடக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும்.

இவற்றிலும் ஆழமான தடை ஒன்று சிப்பியின் ஆயுளிலே இருந்தது. சலாபத்துக்கு எடுக்கும் சிப்பி நாலரை ஆண்டு முதல் ஆறாண்டு வரை வயதானது. அதற்குமேல் அது தானாகவே மடிந்துபோகும். சிறுமுத்தைப் பெருக்கி வா என்று கடலுக்கு அனுப்பினாலும் முத்து வளரச் சிப்பிக்குக் காலமில்லை. மேலும், சிப்பிப் பார்களின் அழிவுக்குக் குளியாளனின் கை மட்டும் காரணமன்று. 1902இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த பேராசிரியர் ஹேட்மனும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோணெலும் பெரியபாரில் இதனை விளங்கக் கண்டனர். அங்கே இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் வந்து படியும். பின்னர்த் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைக்கழிப்பில் மறையும். எடுத்த சிப்பியைச் சோதிக்கும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், எடுப்பதற்குச் சிப்பியே இல்லாத ஆண்டில் அதனால் ஆவதென்ன? 1907ஆம் ஆண்டுச் சலாபத்தோடு விளைவு நின்றது. கம்பனி குத்தகைப் பணத்தைக் கட்டிப் பார்த்துச் சில ஆண்டுகளிற் கலைந்தது. எக்ஸ் கதிர் முயற்சியும் நிலைபெறாமற் போயிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு சோதனை அதே கடலைச் சார்ந்தது. யாழ்ப்பாணக் கடலிலும் தூத்துக்குடிக் கடலிலும் எடுக்கும் சங்கு, வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு ஏற்றுமதியாயிற்று. இளஞ்சங்கை அள்ளிவிட்டால் மறு ஆண்டுக்கு விளைவில்லை. அதற்குத் தூத்துக்குடியிற் கண்ட உபாயம் மிக எளியது: குறித்த விட்டமுள்ள ஒரு துளை. துளையினூடே நுழைந்த சங்கு சிறிது; அது கடலுக்குத் திரும்பவேண்டும். மின்சாரமும் வேண்டாம், தகடும் வேண்டாம், பேராசிரியரும் வேண்டாம். சங்குக்குத் தீங்கின்றி அதன் பருவத்தை அறியும் இச்சோதனையைத் தோணியில் வந்த எவனும் செய்துகாட்டலாம். முத்து வணிகரிடமும் இத்தகைய கருவியுண்டு. இருபது துளையுள்ள பித்தளைப் பெட்டி முதல் ஆயிரந் துளையுள்ள பெட்டி வரை அடுக்காக வைத்து, முத்துக்களைச் சலித்துத் தரம் பிரிப்பர். துளையின் எண்ணே முத்துத் தரத்தின் பெயர். விருது கொடுப்போர் சென்ற நூற்றாண்டுகளுக்கும் விருது கொடுக்க முனைந்தால், இப்பெட்டியையும் அத்துளையையும் கண்டவர்கள் யாவரென்று தேடி அலுக்க வேண்டிவரும்.

எக்ஸ் கதிர் முத்தைவிட்டு முற்றாக விலகவில்லை. வேறு வாயிலால் உள்ளே புகுந்தது. யப்பானிலே மிக்கிமோத்தோ வளர்த்த உருண்டை முத்துக்கள் 1921இல் இலண்டன் சந்தைக்கு வந்தபோது வணிகர் கதிகலங்கினர். கிளிஞ்சல் மணியொன்றைச் சிப்பிக்குள் இட்டு, அதன்மேல் முத்துப்பூச்சுப் படியவைத்த அவற்றுக்கும், மன்னார்க் கடலிலும் பாரசீகக் கடலிலும் தாமே விளைந்தவற்றுக்கும் புறத்தோற்றத்தில் வேற்றுமையில்லை. அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் அறுத்த முத்துக்கு விலை ஏது? ஒவ்வொரு முத்தும் தனித்தனியே சோதிக்கப்படவேண்டும், சோதித்தபின் பழுதின்றி உரியவனிடம் திரும்பவும் வேண்டும். சிப்பிக் குவியலுக்குப் பொருந்தாத எக்ஸ் கதிர் இவ்விடத்தில் அப்படியே பொருந்திற்று. 1925இல் இலண்டன் வர்த்தக சங்கத்தின் மணி வணிகப் பிரிவினர் ஒரு சோதனைக்கூடம் அமைத்தனர். பாசில் அண்டர்சன் என்னும் இளைஞர் அதனை நடத்தினார். துளையிட்ட முத்தாயின், நுண்ணிய கண்ணாடி பொருத்திய ஊசியைத் துளைக்குள்ளே செலுத்தி, ஒளி முத்தின் படைகளில் வளைந்து செல்கின்றதா என்று பார்ப்பர். துளையில்லாத முத்தாயின் எக்ஸ் கதிரே துணை. இயற்கை முத்தின் பளிங்குகள் நடுவிலிருந்து எத்திசையும் ஆரைபோற் பரந்திருத்தலின், எப்பக்கம் கதிர் பாய்ச்சினும் அறுகோணப் புள்ளியுருவம் தோன்றும். வளர்ப்பு முத்தினுள்ளே கிடக்கும் கிளிஞ்சல் மணியின் படைகள் ஒன்றன்மேலொன்றாக நேரே அடுக்கியவை. அதில் பெரும்பாலான திசைகளிலே நாற்கோண உருவமே தோன்றும்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கதிர் ஒன்று, பொருளும் ஏறக்குறைய ஒன்று. வேறுபட்டது கேள்வி. எட்டுக் கோடியுள் எதில் முத்து என்பது ஒரு கேள்வி; கையிலிருக்கும் இந்த முத்து மெய்யா என்பது மற்றொன்று. விருதுக் குழுவினர் நுட்பத்தின் புதுமையை மாத்திரம் நோக்கினால் சாலமனுக்கே பரிசு போகும். துணிவிலும் காலத்தாலும் அவரே முந்தியவர். நற்பயனை நோக்கின் அது அண்டர்சனுக்கே உரியது. இதே நெறியிலேதான், கல்பாக்கம் அணுவாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல்தேவ் ராஜும் அவர் குழுவினரும் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளைச் சிறு பழுதும் நேராமல் ஆராய்ந்ததும் மதிக்கத்தக்கது. அணுவுலைக் குழாயைச் சோதிக்கக் கற்ற கைகள், வெட்டிப் பார்க்க எவரும் ஒருப்படாத ஒரு பொருளைத் தேடிச் சென்று தம் கருவிகளைப் பயன்படுத்தின.

மன்னார்க் கடலில் 1907இன் பின் பதினெட்டு ஆண்டுகள் சலாபம் கூடவில்லை. மறுபடி கூடிய ஆண்டு 1925. இலண்டன் வணிகர் ஒரு முத்தைக் கீறலின்றிச் சோதிக்கக் கூடம் அமைத்த அவ்வாண்டிலே, இலங்கைக் கரையில் சிப்பிகள் பண்டை முறைப்படியே குவிக்கப்பட்டு அழுகின.