ஆடு தொடா இலை

புத்தூர் வேலியோரங்களில் வெண்பூப் பூத்து நிற்கும் ஆடாதோடையை நம் தெலுங்கு அண்டையார் 'அட்டசரம்' என்பர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எனினும் எல்லைக்கு இருபுறமும் சளிக்கும் இருமலுக்கும் இவ்விலையின் கஷாயமே கைமருந்தாயிற்று.

கசப்பினால் ஆடும் தொடாதது என்று பெயர்க்காரணம் கூறுவர். லின்னேயஸ் 1753இல் வழங்கிய 'ஜஸ்டீஷியா அதட்டோடா' என்னும் தாவரப் பெயரிலும் அச்சொல் ஒலிக்கின்றது. இவ்விலையின் வாசிசின் என்னும் சத்தை அடியொற்றி உருவான புரோமெக்சின், 1963 முதல் சளி மருந்தாகப் பயன்படுகின்றது.

உலகம் ஏற்ற பெயரை நம் பிள்ளைகள் இழக்கலாமா? பெயர் மறந்தால் பாட்டி சொன்ன பக்குவமும் மறையுமன்றோ! செடியைக் காட்டி, இருமொழிப் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.